வீட்டில் ஃபிளைட் சிமுலேட்டர்: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப் போடுவது

வீட்டில் ஃபிளைட் சிமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் அமைப்பு, வைக்க நினைக்கும் பலரும் முதலில் மயங்குவது படங்களைப் பார்த்துத்தான். ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடிக்கும் யோக், பக்கத்தில் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஆறு நெம்புகோல் வைத்த திராட்டில் பெட்டி, வரிசையாக மூன்று மானிட்டர், சுற்றிலும் ஒளிரும் சுவிட்சுகள். அழகாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வாங்க ஆரம்பித்தால் பணம் போகும் இடம் ஒன்றாகவும் பறக்கும் சுகம் வரும் இடம் வேறொன்றாகவும் ஆகிவிடும். எந்த விமானத்தை ஓட்டப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த விமானம் உங்கள் கையிடமும் காலிடமும் கண்ணிடமும் என்ன கேட்கிறது என்று பாருங்கள். அப்புறம் கடைக்குப் போகலாம்.

செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். 1956-இல் விற்பனைக்கு வந்த, நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். இதுவரை 44,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள், வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் உருவானதில்லை. பறக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் முதலில் ஏறுவது இதில்தான், சிமுலேட்டர் மென்பொருள்களிலும் கூடவே வந்துவிடும். இதில் யோக்கை இடம் வலமாகத் திருப்பினால் இறக்கை ஓரத்து எய்லரான்கள் அசைந்து விமானம் சாயும், முன்னே தள்ளினாலோ பின்னே இழுத்தாலோ வாலில் இருக்கும் எலிவேட்டர் அசைந்து மூக்கு இறங்கும் அல்லது ஏறும். காலடியில் இரண்டு பெடல், அவை வாலில் செங்குத்தாக நிற்கும் ரட்டரை அசைத்து மூக்கை இடம் வலமாகத் திருப்பும், தரையில் ஓடும்போது மூக்குச் சக்கரத்தையும் திருப்பும். அதே பெடலின் மேல் நுனியை அழுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு பிரேக். நடுவில் கறுப்புக் குமிழ் திராட்டில், சிவப்புக் குமிழ் மிக்ஸ்சர், எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றுவது. கீழே ஒரு சின்னச் சக்கரம், ட்ரிம், யோக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும் பளுவைக் கையிலிருந்து எடுத்துவிடுவது. விமானத்தைக் கையாள இவ்வளவுதான், மற்றதெல்லாம் சுவிட்சும் ரேடியோவும்.

ஏர்பஸ் ஏ320 வேறு மாதிரி. அங்கே யோக் கிடையாது. கேப்டனுக்கு இடது பக்கத்தில் ஒரு சிறிய ஸ்டிக், வலது கையில் திராட்டில். அந்த ஸ்டிக்கைச் சாய்த்துவிட்டு விட்டால் சாய்ந்த நிலையை கம்ப்யூட்டரே பிடித்து வைத்துக்கொள்ளும், பறக்கும்போது ட்ரிம்மையும் அதுவே பார்த்துக்கொள்ளும். திராட்டில் நெம்புகோல் விழுந்து நிற்பதற்கென்றே சில பள்ளங்கள் உண்டு, மேலேறும்போது ஒரு பள்ளத்தில் வைத்துவிட்டால் இறங்கும்வரை பெரும்பாலும் தொடவே வேண்டாம். வேலை முழுக்கத் தலைக்கு மேலேயும் முன்னாலும் இருக்கும் பட்டன்களில்தான். ஆக ஏர்பஸ் ஓட்ட ஆசைப்படுகிறவர் யோக் வாங்கினால் அது பொருந்தாத பொருள், போயிங் 737 அல்லது மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் வரும் ஏ.டி.ஆர். 72 ஓட்ட நினைப்பவருக்கு அதே யோக் சரியான பொருள். இரண்டுமே வேண்டும், அப்பப்போ சண்டை விமானமும் ஓட்டுவேன் என்றால் ஸ்டிக்தான் பொது. ஸ்டிக்கை வைத்து எதையும் ஓட்டலாம், யோக்கை வைத்து சண்டை விமானம் ஓட்டுவது சிரமம்.

இனி அச்சு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் எந்தக் கருவியின் பெட்டியைத் திருப்பினாலும் முதலில் அதுதான் எழுதியிருக்கும். விசைப்பலகையில் ஒரு பட்டனை அழுத்தினால் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். விமானத்துக்கு அது போதாது, கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பாதி என்று சொல்ல வேண்டும். அப்படித் தொடர்ச்சியாக மாறும் மதிப்பைக் கொடுக்கும் ஒவ்வோர் அசைவும் ஓர் அச்சு. செஸ்னாவுக்குக் குறைந்தது நான்கு அச்சு வேண்டும்: எய்லரான், எலிவேட்டர், ரட்டர், திராட்டில். இந்த நான்கும் ஒரே பொருளில் கிடைக்கிறது. பிடியை இடம் வலமாக முறுக்கவும் முடிகிற ஜாய்ஸ்டிக்தான் அது. முறுக்கினால் ரட்டர், அடியில் இருக்கும் சிறிய நெம்புகோல் திராட்டில். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ, த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் இரண்டும் இந்த வகை. முதல் கருவியாக இப்படி ஒன்றை வாங்குங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். பின்னால் யோக், பெடல் எல்லாம் வந்த பிறகும் இந்த ஸ்டிக் வீணாகாது, ஏர்பஸ்ஸுக்கும் ஹெலிகாப்டருக்கும் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் விலை வித்தியாசம் எதனால் என்று தெரிந்து வாங்க வேண்டும். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சென்சாரிலும் பிடியைத் தாங்கும் இயந்திர அமைப்பிலும்தான் இருக்கிறது. மலிவான கருவிகளில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வருமே, அதே வகைப் பொருள்தான் இது, கரித் தடத்தின்மேல் ஒரு சிறு உலோக முனை உரசிக்கொண்டே போகிறது. நாளானால் தேயும், தூசி சேரும், அப்போது நீங்கள் கையை அசைக்காமலே விமானம் துள்ளும். ஹால் எஃபெக்ட் சென்சாரில் உரசல் இல்லை, காந்தம் நகர்வதை ஒரு சில்லு தொடாமலே அளக்கிறது, அதனால் தேய்மானம் இல்லை. டி.16000எம்மில் சாய்க்கும் இரண்டு அச்சுக்கும் ஹால் சென்சார், ஒவ்வொரு அச்சிலும் சுமார் 16,000 படி என்பதால்தான் அந்தப் பெயர். அதே ஸ்டிக்கில் முறுக்கும் அச்சுக்குப் பழைய பொட்டென்ஷியோமீட்டர்தான் இருக்கிறது, பலருக்கும் முதலில் பழுதாவதும் அதுதான். ஒரு பெட்டியில் ஹால் சென்சார் என்று எழுதியிருந்தால் எந்த அச்சுக்கு என்று பார்க்க வேண்டும், எல்லா அச்சுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் வி.கே.பி. கிளாடியேட்டர் மாதிரியான ஸ்டிக்குகள் இருக்கின்றன, நடுநிலையைத் தாண்டும்போது தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போகும், அந்த வழவழப்பு இறங்கும் கடைசி சில வினாடிகளில் கைக்கு நன்றாகத் தெரியும்.

ட்ரிம்மைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்வதில்லை. விமானம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது, நேராக நிற்க மாட்டேன் என்கிறது என்று அலுத்துப்போய் விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். நிஜ செஸ்னாவில் யோக்குக்கும் எலிவேட்டருக்கும் நடுவே கம்பி வடம் ஓடுகிறது, அதனால் வாலில் மோதும் காற்றின் அழுத்தம் கைக்கு வந்து சேரும். வேகமாகப் போனால் யோக் இறுகும், வேகம் குறைந்தால் தொளதொளவென்று ஆகும், அந்தத் தொளதொளப்பே ஸ்டால், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கும் சக்தியை இழக்கும் நிலை, நெருங்குகிறது என்பதற்கு ஓர் எச்சரிக்கை. மேலேறும்போது விமானி யோக்கை இழுத்துப் பிடிக்கிறார், கைக்குப் பளு தெரிகிறது, ட்ரிம் சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற அந்தப் பளு கரைகிறது, கடைசியில் யோக் அதே இடத்தில் நிற்கும், கை மட்டும் சும்மா இருக்கும். வீட்டு ஜாய்ஸ்டிக்கில் காற்று கிடையாது, ஸ்பிரிங் இருக்கிறது. அது எப்போதும் நடுவுக்கே இழுக்கும். அதனால் இங்கே முறை கொஞ்சம் மாறுகிறது: முதலில் மூக்கை வேண்டிய உயரத்தில் ஸ்டிக்கால் பிடியுங்கள், ட்ரிம்மைக் கொஞ்சம் மாற்றுங்கள், அதே அளவுக்கு கையைத் தளர்த்துங்கள், மூக்கு நகர்கிறதா பாருங்கள், மறுபடி கொஞ்சம். கை முழுக்க நடுவுக்கு வந்து, விடவும் முடிந்து, விமானம் உயரம் மாறாமல் போனால் ட்ரிம் சரி. இதற்காகவே ட்ரிம்மைக் கட்டைவிரல் எட்டும் இரண்டு பட்டனில் வையுங்கள். விசைப்பலகையில் தேடும் நிலை இருந்தால் யாரும் ட்ரிம் செய்ய மாட்டார்கள், ஸ்டிக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பார்கள். ஹனிகோம்ப் பிராவோ மாதிரியான திராட்டில் பெட்டியில் ட்ரிம்முக்குத் தனிச் சக்கரமே உண்டு, சிறிய விமானம் ஓட்டுகிறவருக்கு அந்தப் பெட்டியில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய லாபம் என்பேன்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஏ320-இன் நிஜ ஸ்டிக்கில் இருப்பதும் ஸ்பிரிங்தான், காற்றின் அழுத்தம் அதற்கு வருவதில்லை. ஆகவே விலை குறைந்த வீட்டு ஸ்டிக் பெரிய ஜெட்டின் கையுணர்வுக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது, சின்ன செஸ்னாவின் உணர்வைத்தான் எட்டிப் பிடிக்க முடியவில்லை. த்ரஸ்ட்மாஸ்டரின் ஏர்பஸ் ஸ்டிக் அந்த டி.16000எம்மை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டதுதான். காற்றின் அழுத்தத்தை மோட்டார் வைத்துக் கைக்குத் தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் கருவிகளும் உண்டு, மோஸா, ப்ரன்னர் போன்றவர்கள் செய்கிறார்கள், விலை வேறு உலகம். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

யோக்தான் வேண்டும் என்று மனம் உறுதியாகச் சொன்னால் மேசையை முதலில் பாருங்கள். யோக் மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு நிற்கும் பொருள். விளிம்புக்கு அடியில் இரும்புச் சட்டமோ விசைப்பலகைத் தட்டோ இருந்தால் கிளாம்ப் உட்காராது, மேசை மெலிதாக இருந்தால் இழுக்கும்போது மேசையே தூக்கும். தண்டு உங்களை நோக்கி நீண்டு வரும் என்பதால் நாற்காலி பின்னால் போக வேண்டும், மானிட்டர் இன்னும் தள்ளிப் போகும், விசைப்பலகைக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். அதே மேசையில் படிப்பு, அலுவலக வேலை எல்லாம் நடக்கிறது என்றால் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டிவரும், கழற்றி மாட்டுவது அலுப்பாகிப் பறப்பதே குறைந்துபோகும். எடுத்து ஓரமாக வைத்துவிடக்கூடிய ஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. வாங்குவது என்று முடிவானால் ஹனிகோம்ப் ஆல்ஃபா என்ற யோக் இருபுறமும் சேர்த்து 180 டிகிரி திரும்பும், மாஸ்டர் சுவிட்ச், விளக்குச் சுவிட்சுகள், சாவி எல்லாம் அதிலேயே இருக்கின்றன. லாஜிடெக் யோக்கை அதற்கு முன்பிருந்தே, சைடெக் என்ற பெயரில் இருந்த காலத்திலிருந்து, பலர் வைத்திருக்கிறார்கள். அதைக் கையில் பிடித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முன்னும் பின்னும் மெதுவாக இழுத்துப் பாருங்கள், சிறு அசைவில் ஒட்டிக்கொண்டு சட்டென்று விடுகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கால் விஷயத்துக்கு வருவோம். பெடல் தேவையா என்று கேட்டால், செஸ்னாவுக்கு ஆம், ஏர்பஸ்ஸுக்கு அவசரமில்லை.

காரணம் இதுதான். செஸ்னாவில் புறப்படும்போது முழு எஞ்சினைக் கொடுத்ததும் மூக்கு இடது பக்கம் இழுக்கும். விசிறி சுழலும் விதத்தாலும், அது பின்னால் தள்ளும் காற்று சுருளாகச் சுற்றிவந்து வாலின் இடப்பக்கத்தில் மோதுவதாலும் அப்படி ஆகிறது. விமானி வலது பெடலை மிதித்துச் சமாளிக்கிறார். அதைவிட முக்கியம் பக்கக் காற்றில் இறங்குவது. காற்று இடமிருந்து அடிக்கிறது என்றால் இடது இறக்கையைக் காற்றுக்குள் தாழ்த்த வேண்டும், அதே நேரத்தில் வலது ரட்டர் கொடுத்து மூக்கை ஓடுபாதைக்கு நேராக வைக்க வேண்டும். முறுக்கும் ஸ்டிக்கில் இதைச் செய்ய ஒரே மணிக்கட்டை இடது பக்கம் சாய்த்து வலது பக்கம் முறுக்க வேண்டும், அதோடு மூக்கையும் தூக்க வேண்டும். முடியாது என்றில்லை, பலர் செய்கிறார்கள், ஆனால் ஓர் அசைவு இன்னொன்றில் கலந்துவிடும். பெடல் வந்ததும் கை ஒரு வேலை, கால் ஒரு வேலை என்று பிரிந்துவிடுகிறது. பக்கக் காற்றில் நேராகச் சக்கரம் பதியும் முதல் தரையிறக்கம் கொடுக்கும் மகிழ்ச்சி எந்த விலை உயர்ந்த மானிட்டரிலும் கிடைக்காது. ஏ320-இல் வளையும்போது ரட்டரை கம்ப்யூட்டரே ஒத்திசைத்துக்கொள்கிறது, ஓடுபாதையில் ஓடும்போதும் இறங்கும் நேரத்திலும் எஞ்சின் ஒன்று நின்றுவிட்டாலும்தான் விமானியின் காலுக்கு வேலை. அதற்கு முறுக்கும் ஸ்டிக்கே ரொம்ப நாளைக்குப் போதும்.

பெடல் வாங்கியும் பயன் தெரியவில்லை என்றால் மென்பொருளின் உதவி அமைப்புகளைப் பாருங்கள், தானாக ரட்டர் போடும் வசதி அங்கே இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணையுங்கள். வாங்கும்போது இரண்டு பெடலுக்கு இடையே உள்ள தூரத்தைக் கவனியுங்கள், த்ரஸ்ட்மாஸ்டரின் ஆரம்ப நிலைப் பெடலில் கால்கள் நெருக்கமாக ஒட்டி வரும், உயரமானவர்களுக்கு முழங்கால் இடிக்கும். அப்புறம் நம் வீடுகளில் தரை டைல்ஸ் அல்லது மொசைக். பெடலை மிதித்தால் அது வழுக்கி முன்னால் போகும், சக்கர நாற்காலி பின்னால் போகும். ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு, பெடலின் முன்பக்கம் சுவரில் முட்டும்படி ஒரு பலகையை வைத்துவிட்டு, சக்கரமில்லாத நாற்காலியில் உட்கார்ந்தால் இந்தப் பிரச்சினை முடிந்தது, பெரிய ஸ்டாண்டு எதுவும் தேவையில்லை.

திராட்டில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒற்றை எஞ்சினுக்கு ஸ்டிக்கில் இருக்கும் நெம்புகோல் போதும். இரட்டை எஞ்சின் ஓட்டும்போது, ஒரு பக்கம் மட்டும் குறைக்க வேண்டிய நிலை வரும்போது இரண்டு நெம்புகோல் தேவைப்படும். ஏர்பஸ் வெறியர்களுக்கு அந்தப் பள்ளங்கள் க்ளிக் என்று விழும் தனி குவாட்ரன்ட், அதாவது திராட்டில் பெட்டி, மனசுக்கு நிறைவாக இருக்கும், அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

கண்ணுக்கு என்ன செய்வது என்பதைப் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள், நான் ஸ்டிக்குக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். காரணம், ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சியில் விமானி முக்கால்வாசி நேரம் ஓடுபாதையைப் பார்ப்பது பக்கவாட்டு ஜன்னல் வழியாக. ஓடுபாதையின் முனை இடது தோளுக்குப் பின்னால் ஏறக்குறைய 45 டிகிரியில் தெரியும்போது வளைய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஒற்றை மானிட்டரில் தோளுக்குப் பின்னால் என்ற ஒன்றே கிடையாது. ஸ்டிக்கின் மேலிருக்கும் சின்னப் பட்டனால் பார்வையைத் திருப்பலாம், ஆனால் திருப்பும் நேரத்தில் கை கட்டுப்பாட்டிலிருந்து சற்று விலகுகிறது. இதற்கு மூன்று மானிட்டர் ஒரு வழி, இடமும் கிராபிக்ஸ் கார்டும் கேட்கும். தலை அசைவைப் பின்தொடரும் கருவி இன்னொரு வழி. தலையைச் சிறிது திருப்பினால் திரையில் பார்வை அதைவிட அதிகம் திரும்பும், அதனால் கண் திரையை விட்டு விலகுவதில்லை. ட்ராக்ஐஆர் என்ற அகச்சிவப்புக் கேமரா இதற்குப் பல ஆண்டுகளாகப் பேர்போனது. செலவில்லாமல் முயல வேண்டுமென்றால் ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமை வைத்தே முகத்தின் அசைவைப் படித்துவிடும், விளக்கு வெளிச்சம் முகத்தில் சீராக விழுந்தால் நன்றாகவே வேலை செய்கிறது. முதல் வாரம் தலை ஆடும்போதெல்லாம் காக்பிட்டும் ஆடுவது போல் இருக்கும், நடுப்பகுதியில் உணர்திறனைக் குறைத்து வைத்தால் அடங்கிவிடும். பணம் போடாமல் இவ்வளவு பெரிய மாற்றம் தரும் வேறொன்று இந்தப் பொழுதுபோக்கில் எனக்குத் தெரிந்து இல்லை.

கண்ணை மூடிச் சுற்றிலும் காட்சி காட்டும் வி.ஆர். கண்ணாடி போட்டால் உண்மையிலேயே உள்ளே உட்கார்ந்துவிடுவீர்கள். தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண்ணே அளந்து சொல்லும், இறங்கும்போது மூக்கை எப்போது தூக்குவது என்ற குழப்பம் நிறைய குறையும். ஆனால் விசைப்பலகை தெரியாது, குறிப்பு எழுத முடியாது, சிலருக்குத் தலை சுற்றும், கம்ப்யூட்டரிடம் அது கேட்கும் உழைப்பும் அதிகம். பழைய கண்ணாடி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி வகைக் கண்ணாடிகளுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் நீக்கிவிட்டது. எச்.பி. ரிவெர்ப் ஜி2 குறைந்த விலைக்கு வருகிறதே என்று எடுப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் ஒரு பொதுவான தவறான கணக்கு இருக்கிறது: கிராபிக்ஸ் கார்டில் எல்லாப் பணத்தையும் கொட்டினால் போதும் என்பது. சிமுலேட்டரில் விமானத்தின் இயக்கம், கருவிகள், சுற்றியிருக்கும் போக்குவரத்து, வானிலை என்று ஏராளமான கணக்குகளைப் ப்ராசஸர் போட வேண்டியிருக்கிறது, அதில் பெரும்பகுதி ஒரே இழையில் வரிசையாக ஓடுவதால் பல கோர் இருந்தும் ஒன்றுதான் மூச்சுத் திணறும். அதனால்தான் ஏ.எம்.டி.யின் எக்ஸ்3டி வகைப் ப்ராசஸர்களை இந்த வட்டாரத்தில் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள், 96 எம்.பி. அளவுக்கு உள்ளேயே பெரிய கேஷ், அதாவது அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் வேகமான நினைவகம், இருப்பதால் சிமுலேட்டருக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024-க்குக் குறைந்தபட்சம் 16 ஜி.பி. ரேம் என்றும் பரிந்துரை 32 ஜி.பி. என்றும் போட்டிருக்கிறார்கள், புதிதாக வாங்குகிறவர் 32-க்குக் கீழே யோசிக்க வேண்டாம். எஸ்.எஸ்.டி. கட்டாயம். வினாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம் திரையில் மாறுகிறது என்று மற்ற விளையாட்டுக்காரர்கள் போல் துரத்த வேண்டியதில்லை, ஆடாமல் 30 வந்தால் நிம்மதியாகப் பறக்கலாம், 60-க்கும் 25-க்கும் இடையே குதித்துக்கொண்டிருந்தால்தான் தரையிறங்கும்போது கை தடுமாறும்.

இணையத்தையும் கணக்கில் சேருங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் பூமியின் படங்களையும் நிலப்பரப்பையும் பறக்கும்போதே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது, 2024 பதிப்புக்கு இணைய வேகம் 10 எம்.பி.பி.எஸ். குறைந்தபட்சம், 50 இருந்தால் நல்லது என்கிறார்கள். மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று வரம்பு இருக்கும் இணைப்பு என்றால் யோசிக்க வேண்டும். எக்ஸ்-பிளேன் 12 என்ற இன்னொரு சிமுலேட்டர் நிலப்பரப்பை உங்கள் டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்ளும், மேக், லினக்ஸ் கம்ப்யூட்டர்களிலும் ஓடும், வாங்கும் முன் போட்டுப் பார்க்க இலவச டெமோவும் உண்டு. ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டர் முழுக்கவே இலவசம். பொருள் எதுவும் வாங்குவதற்கு முன்பே இவற்றில் ஒன்றை இறக்கி, உங்கள் கம்ப்யூட்டர் தாங்குகிறதா, உங்களுக்கே இது பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பாக்ஸில் பறக்க நினைப்பவர்களுக்குத் தேர்வு குறைவு. கம்ப்யூட்டருக்கான ஸ்டிக்குகளில் பெரும்பாலானவை அதில் வேலை செய்யாது, த்ரஸ்ட்மாஸ்டர் டி.ஃபிளைட் ஹோட்டாஸ் ஒன், டர்ட்டில் பீச் வெலாசிட்டிஒன் போன்று எக்ஸ்பாக்ஸ் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பதை மட்டும் எடுங்கள்.

ரேடியோ பேனல், சுவிட்ச் பேனல், ஆட்டோபைலட் பேனல் எல்லாம் கடைசிக்கு. மவுஸால் சொடுக்கிக்கொண்டே பல மாதம் பறக்கலாம், எந்தச் சுவிட்சை அடிக்கடி தொடுகிறீர்கள் என்பது அதற்குள் கைக்குத் தெரிந்துவிடும், அதை மட்டும் வாங்கலாம். கையால் செய்யும் ஆர்வம் இருந்தால் இந்தப் பகுதிதான் உண்மையான விருந்து. ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டு ஒன்று, திருப்புவதை அளக்கும் குமிழான சுழலும் என்கோடர் சில, டாகிள் சுவிட்சுகள், மொபிஃபிளைட் என்ற இலவச மென்பொருள், இவ்வளவு போதும், ரேடியோ அலைவரிசையைத் திருகி மாற்றும் பெட்டி தயார். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்தச் சாமான் மொத்தமும் கிடைக்கும். மரப்பலகையில் ஓட்டை போட்டுச் செய்த பெட்டியானாலும், நீங்களே ஒயர் இழுத்த குமிழைத் திருப்பியதும் திரையில் எண் மாறும் அந்தத் தருணம் ரொம்பப் பெரியது.

மைக் வைத்த ஒரு ஹெட்செட் வாங்கி வையுங்கள், விலை உயர்ந்தது வேண்டாம். வாட்சிம் என்ற இலவச வலையமைப்பு 2001-லிருந்து இயங்குகிறது, உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் நிஜ நடைமுறைப்படி ஏர் டிராஃபிக் கட்டுப்பாட்டாளராக உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு மனிதக் குரல் உங்கள் விமானத்தைப் பெயர் சொல்லி அழைத்து இறங்க அனுமதி கொடுக்கும்போது வீட்டு அறை மறந்துபோகும். அதற்கு முன் சிமுலேட்டரிலேயே கொஞ்சம் பழகிக்கொண்டு போவது மற்றவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், வீட்டில் பறந்த நேரம் லைசென்ஸ் கணக்கில் சேராது. அதற்கு அங்கீகாரம் பெற்ற கருவியும் பயிற்றுநரும் தேவை. ஆனால் கருவிகளைப் படிப்பது, ரேடியோவில் பேசுவது, சரிபார்ப்புப் பட்டியலை வரிசையாக முடிப்பது போன்ற பழக்கங்களுக்கு வீட்டுப் பயிற்சி நிச்சயம் உதவும்.

பழைய கருவி கிடைத்தால் தயங்காமல் பாருங்கள், இந்தப் பொழுதுபோக்கில் ஆர்வத்தில் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டவர்கள் நிறைய. விற்பவரின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகச் சொல்லி, ரன் பெட்டியில் ஜாய்.சிபிஎல் (joy.cpl) என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் ஒரு சிறு ஜன்னல் திறக்கும். அதில் ஸ்டிக்கை ஒவ்வொரு அச்சிலும் மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோங்கள், குறி வழுக்கிக்கொண்டு போக வேண்டும், துள்ளினால் சென்சார் தேய்ந்திருக்கிறது. கையை விட்டதும் ஒவ்வொரு முறையும் அதே நடுவுக்கு வருகிறதா, கடைசி முனைவரை எட்டுகிறதா, முறுக்கும் அச்சு ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாங்கி வந்து மாட்டியதும் செய்ய வேண்டியது சில உண்டு. யு.எஸ்.பி. கருவி மூன்று நான்கு ஆகும்போது தனி மின்சாரம் வரும் ஹப் ஒன்று வையுங்கள், விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்பில் யு.எஸ்.பி.யைத் தூங்கவைக்கும் வசதியை அணையுங்கள், இல்லையென்றால் பாதி வானத்தில் ஸ்டிக் செயலிழந்துபோகும். அடுத்து, புதுக் கருவி செருகும்போதெல்லாம் சிமுலேட்டர் தானாகவே அதற்கு வேலை ஒதுக்கிவிடும். பெடல் வந்த பிறகும் ஸ்டிக்கின் முறுக்கு அச்சில் ரட்டர் அப்படியே இருக்கும், இரண்டு இடத்தில் திராட்டில் இருக்கும், ஒன்று ஏற்ற ஒன்று இறக்க எஞ்சின் சத்தம் தானாக ஏறி இறங்கும். கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு கருவியாகத் திறந்து, ஒரு வேலை ஒரே இடத்தில் மட்டும் இருக்கும்படி மற்றதை நீக்குங்கள். பிறகு உணர்திறன் வளைகோடு, ஸ்டிக்கை எவ்வளவு அசைத்தால் விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்பதைச் சொல்லும் அமைப்பு. வீட்டு ஸ்டிக்கின் நீளம் குறைவு, விரல் அளவு அசைவிலேயே நிறைய சாய்ந்துவிடும், அதனால் நடுப்பகுதியை மட்டும் கொஞ்சம் மென்மையாக்குங்கள். அதிகம் மென்மையாக்கினால் ஓரத்துக்குப் போனதும் திடீரென்று பாயும். நடுவில் அசைத்தாலும் கணக்கில் வராத உயிரில்லாத பகுதியை, குறி ஆடாத அளவுக்கு மட்டும், எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு வையுங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் காற்றில்லாத தெளிந்த வானிலையைத் தேர்ந்து, செஸ்னாவை 3,000 அடிக்கு ஏற்றி, எஞ்சினை நிமிடத்துக்கு 2,300 சுற்றில் வைத்து, வேகம் நிலைத்த பிறகு ட்ரிம் செய்து ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துப் பாருங்கள். உயரம் ஒரு நிமிடம் 50 அடிக்குள் நின்றால் அமைப்பு சரி. தொடர்ந்து ஒரே பக்கம் வேகமாகச் சாய்ந்துகொண்டே போனால் ஸ்டிக்கின் நடுநிலை விலகியிருக்கிறது, அதே ஜாய்.சிபிஎல் ஜன்னலில் காலிபரேட் செய்துவிட்டு மறுபடி ஏறுங்கள்.